இருநூறுக்குக் கீழே

ஈரி ஏரியிலிருந்து காற்று ஏறி வந்து
சங்கக் கட்டடத்தின் தகரக் கதவை ஆட்டும் இரவுகளில்
நான் இரண்டு டாலர்களை எண்ணிக்கொண்டிருப்பேன்.

விரலால் எண்ணுவதல்ல.
சம்பளச் சீட்டில் ஒன்பதாவது வரி,
காப்பீட்டுக்கும் வருமான வரிக்கும் அடியில்
ஒடுங்கி நிற்கும் ஒரு பிடித்தம்:
அரசியல் நிதி, இரண்டு டாலர்.
சந்தாப் பணத்தைத் தொடக் கூடாது, அது சட்டம்.
மனமொத்துக் கையெழுத்துப் போட்டவர் காசுதான்
வாஷிங்டனுக்குப் போக நிற்பவரிடம் போகலாம்.

அறுநூற்றுப் பதினொரு பேர்.
பிரேக் வார்க்கும் கூடத்தில் இருநூற்று நாற்பது,
மீதி கடைசலிலும் வண்ணப்பூச்சிலும்.
இரவு ஷிப்டில் கிரேன் ஓட்டும் லுவெல்லா பெட்டிஸ்
நான்கு டாலர் போடுகிறாள்.
ஏனென்று கேட்டால் சூயிங்கம்மை மெல்லுகிறாள்.

வருஷத்துக்கு இருநூறு டாலருக்குக் கீழே தருபவரின் பெயரை
அரசாங்கம் கேட்பதில்லை.
படிவத்தில் ஒரே வரி, ஒரே தொகை,
அதற்குள் அத்தனை பேரும்
மூட்டைக்குள் உளுந்துபோல்.
கல்யாண வீட்டில் பத்து ரூபாய் மொய் எழுதினாலும்
பெயர் விழும், ஊர் விழும்,
திரும்பி வரவேண்டும் என்கிற கணக்கும் சேர்ந்தே விழும்.
இங்கே முழுதாய் அச்சேறுவது
வாங்கியவர் பெயர் மட்டும்:
கர்டிஸ் ஹெண்டர்ஷாட், ஐயாயிரம்.

போன தேர்தலுக்கு வந்திருந்தார்.
எங்கள் நீலத் தொப்பியை வைத்துக்கொண்டார்,
உள்ளிருந்த அட்டையைக்கூட எடுக்காமல்.
கோழி இறக்கையை முள்கரண்டியால் தின்றார்.
போகட்டும் என்றோம். படம் எடுத்தோம். ஜெயித்தார்.

இந்தச் செப்டம்பரில் ஓய்வூதிய மசோதா.
எதிர்த்து வாக்களித்தார்.
இரண்டு பக்கக் கடிதம் வந்தது;
‘சிக்கலான’ என்ற சொல் அதில் ஐந்து முறை.

மறுநாள் ரூடி சோப்சாக் வந்தான்.
“என் ரெண்டு டாலரை நிறுத்து, பெர்னடெட்.”
படிவத்தைத் தந்தேன்.
“அந்த மார்ச் மாசத்து ரெண்டும் அவனுக்குத்தான் போச்சா?”

மார்ச்சில்தான் அழுத்து எந்திரம்
அவன் சுட்டுவிரலைக் கொண்டுபோனது.
அரைச் சம்பளச் சீட்டிலும்
ஒன்பதாவது வரி அசையவில்லை.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
கலந்த பணத்துக்கு மாதம் ஏது?
கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில்
பேனாவை இடுக்கி
மெதுவாய், கோபம் ஆறிவிடும் அளவுக்கு மெதுவாய்,
கையெழுத்துப் போட்டான்.
கோபம் ஆறவில்லை.

அக்டோபரில் கமிட்டி கூடியது. ஒன்பது பேர்.
எதிரே நிற்கிறவர் சங்கமே கூடாது என்கிறவர்.
பேய்க்கு வாக்கப்பட்டாயிற்று,
புளியமரம் முள்மரம் பார்த்தால் ஆகுமா என்ற கதையில்
காபி தீர்ந்தது, டோனட் தீர்ந்தது,
பழைய வேலைநிறுத்தம் ஒன்றைப் பற்றி
இரண்டு பேர் தனியாகச் சண்டை போட்டு முடித்தார்கள்.
ஐந்துக்கு நான்கு. கொடுப்பது என்று.
என் கை எந்தப் பக்கம் என்பதை
வீட்டில்கூடச் சொல்லவில்லை.

காசோலை நான்தான் எழுதினேன்.
மூன்றாவது பூஜ்யம் வாய் மூடவில்லை.
அப்படியே விட்டேன்.
ரூடியின் படிவம் அமலுக்கு வர முப்பது நாள்;
இன்னும் நான்கு நாள் பாக்கி.
ஆக இதிலும் அவன் இருக்கிறான்.

சனிக்கிழமை, பனியாகாத மழை.
வீடு வீடாய்ப் போவதற்கு ஆள் குறைவு.
ரூடி வந்து
மேசையிலிருந்த பட்டியல்களில் ஒன்றை எடுத்தான்,
கிழக்குப் பக்கம், நாற்பத்தொரு வீடு.
நான் வாயைத் திறக்கும் முன்னே,
“அவனுக்காக இல்ல” என்றான்.
யாருக்காக என்று நான் கேட்கவில்லை.
துண்டறிக்கைக் கட்டைத் தொடாமலே போனான்.

இருட்டியபின் அட்டை திரும்பி வந்தது, ஊறிப்போய்.
பதினாறு வீட்டில் ஆள் இல்லை.
ஒரு வீட்டில் நாய்.
ஓரிடத்தில்: கிழவருக்கு வாக்குச்சாவடிக்கு வண்டி வேண்டும்,
செவ்வாய், காலை ஏழு, நானே வருகிறேன்.
கோணல் எழுத்து, அழுத்தி எழுதியது,
மழையில் மை கலைந்தும் வாசிக்க முடிந்தது.